மேஜைமேல் வெறும் துணி

“மூணு வருஷமா துணி அலசுறேன், வாத்தியாரம்மா. எப்போ என்னை அச்சடிக்க மேஜைக்கு விடுவீங்க?”

கேட்டவர் தில்லைநாயகம். வயது அறுபத்தொன்று. தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

கேட்கப்பட்டவள் மைமூன். வயது முப்பத்துநான்கு.

ஆற்றங்கரை அச்சுத்துணி அருங்காட்சியகத்தில் பட்டறை அவள் பொறுப்பு. மற்ற அறைகளில் பழைய துணிகள் கண்ணாடிக்குள் தொங்கின. பட்டறையில் மட்டும் புதுத் துணி ஈரமாகக் கிடக்கும்.

மைமூன் சுவரில் இருந்து ஒரு மர அச்சை எடுத்தாள். அவர் கையில் வைத்தாள்.

அவர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

“நாலு கெஜம்,” என்றாள். “ஒரு அச்சும் அடுத்த அச்சும் சேர்ற மூட்டு தெரியக் கூடாது. பழுது இல்லாம வந்தா மேஜை உங்களுது.”

“பழுது வந்தா?”

அவள் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தாள்.

இன்னும் ஒரு வருஷ அலசல். அதற்கு மேல் விளக்கம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.



அந்தப் பட்டறையின் அச்சுக்கு நிறம் கிடையாது.

படிகாரத்தையும் பிசினையும் குழம்பாகக் கரைத்து, அச்சில் தொட்டு, கடுக்காயில் ஊறிய இளமஞ்சள் துணியில் அடிப்பார்கள். ஈரத்திலேயே சரியாகத் தெரியாது; காய்ந்தால் அடித்த இடமே தெரியாது. மஞ்சிட்டி வேர் போட்ட கொப்பரையில் துணி வேகும்போதுதான் படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவந்து எழுந்து வரும். பூ பட்டிருந்தால் பூ. வேறு எது பட்டிருந்தால் அது.

அதனால் குழம்பில் ஒரு சிட்டிகை காவிக்கல் பொடி சேர்ப்பது வழக்கம். எங்கே அடித்தோம் என்று கண்ணுக்குத் தெரிவதற்காக. அலசும்போது அது போய்விடும்.

மைமூன் பொடி சேர்ப்பதில்லை. அவள் கைக்கே வழி தெரியும்.

அன்று தில்லைநாயகமும் சேர்க்கவில்லை.

அவள் குழம்பை எட்டிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“நீங்களும் போடுறதில்லையே,” என்றார் அவர்.

அவள் கொப்பரைப் பக்கம் போய்விட்டாள்.

சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். குரு வாயைத் திறக்காதபோது சீடனுக்குத் தனக்கு வேண்டியதுதான் காதில் விழுகிறது. இதற்கு யாரைக் குறை சொல்வது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.



பத்தரை மணிக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். நாலாம் வகுப்பு. முப்பத்துநாலு பேர், ஒரே ஒரு டீச்சர். அவர் பெயர் ஜெசிந்தா.

கூட்டத்தின் கடைசியில் உமையாள் வந்தாள். அவள் கடைசியில் வந்ததற்குக் காரணம், ஒவ்வொரு கண்ணாடிக்கு முன்னாலும் நின்று கீழே எழுதியிருந்ததைப் படித்ததுதான். எந்த அரசருக்காகச் செய்யப்பட்டது, எந்தத் துரை வாங்கிப் போனார், எந்தச் செல்வந்தர் அன்பளிப்பாகக் கொடுத்தார், எல்லாம் எழுதியிருந்தது. செய்தவர் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று இருந்தது. பதினொரு கண்ணாடிக்குக் கீழே பதினொரு ‘தெரியவில்லை’.

யாருக்குத் தெரியவில்லை என்று அவள் வழிகாட்டியைக் கேட்டாள். வழிகாட்டி சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். ஜெசிந்தா டீச்சர், கேள்வியெல்லாம் கடைசியில் மொத்தமாகக் கேட்கலாம் என்றார். கடைசியில் யாரும் கேட்க விடமாட்டார்கள் என்பது உமையாளுக்குத் தெரியும். ஒன்பது வயதுக்குள் இது மூன்று இடத்தில் நடந்திருந்தது.

பட்டறை வாசலில் ஒரு தட்டு இருந்தது. அதில் படிகாரக் குழம்பில் நனைத்த சாக்குத் துண்டு. ‘தொட்டுப் பாருங்கள்’ என்று பலகை. அந்தக் கட்டிடத்தில் தொடச் சொல்லி இருந்த ஒரே பலகை அதுதான்.

முப்பத்துநாலு பேரும் தொட்டார்கள். பிசுபிசு என்றார்கள். பக்கத்தில் தொங்கிய துண்டில் கையைத் துடைத்தார்கள்.

கடைசி ஆள் துடைத்தபோது துண்டே சொதசொதவென்று இருந்தது.



தில்லைநாயகத்துக்குக் கடைசி வரிசை மட்டும் பாக்கி. குழம்பு தீர்ந்திருந்தது. மூலைக்குப் போய்ப் பானையில் இருந்து கையாலேயே வழித்து, அச்சு தொடும் தட்டில் போட்டார். மணிக்கட்டுவரை வழிந்தது.

திரும்பினார்.

மேஜையோரத்தில் ஒரு சிறுமி. நுனிக்காலில் நின்று, சுவரில் உயரத்தில் மாட்டியிருந்த மீன் அச்சை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தொட்டியா?”

உமையாள் திரும்பினாள். “இல்ல சார்.”

“தொட்டிருக்கே.”

“தொடலை சார்.”

இருபது வருஷம் தலைமையாசிரியர் நாற்காலியில் இருந்தவர் அவர். ‘இல்ல சார்’ என்பதை அவர் காது ‘ஆமா சார்’ என்றுதான் வாங்கும்.

“இங்கே வெச்சியா?” உள்ளங்கையால் துணியில் தட்டினார். “இங்கேயா?” இன்னொரு தட்டு. “இல்லே, இங்கேயா?”

மேஜை நெடுக நடந்தபடி கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தட்டு.

கொப்பரைக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த மைமூன் நிமிர்ந்து பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மேஜைமேல வெறும் துணிதானே சார் இருக்கு?” என்றாள் உமையாள்.

“வெறும் துணியா? என் மூணு வருஷம் இருக்கு அதுல.”

அவள் குனிந்து பார்த்தாள். பக்கவாட்டில் இருந்தும் பார்த்தாள். “தெரியலையே.”

“இப்போ தெரியாது.”

“நான் தொட்டது தெரியுதா?”

“அதுவும் தெரியாது.”

“நீங்க செஞ்சதும் தெரியலை, நான் செஞ்சதும் தெரியலை. அப்புறம் எப்படி சார் நான் கெடுத்தது மட்டும் தெரிஞ்சுது?”

யாரோ ஒரு பையன் சிரித்தான். அதுதான் வினையாகிப்போனது. சிரிப்பு வந்த பிறகு பெரியவர்கள் பின்வாங்க மாட்டார்கள்.

சத்தம் கேட்டு ஜெசிந்தா டீச்சர் வந்தார். நடந்ததைத் தில்லைநாயகம் சொன்னார். உமையாளைச் சொல்லவிடவில்லை. டீச்சருக்கு இன்னும் முப்பத்துமூன்று பேரைச் சாப்பிட உட்காரவைக்க வேண்டியிருந்தது. ஒரு மன்னிப்பைக் கேட்டுவிட்டு வரிசையில் சேரும்படி உமையாளிடம் சொன்னார். பெரிய விஷயம் இல்லை, ஒரு வார்த்தைதான் என்றார்.

“செஞ்சிருந்தா கேட்பேன், டீச்சர். செய்யாததுக்கு எப்படிக் கேட்கிறது?”

அடம் என்றார் டீச்சர். திமிர் என்றார் தில்லைநாயகம்.

வரிசையில் ஒரு குரல் அதைச் சுருக்கியது. பொய்க்காரி.

சாப்பாட்டு மணிக்குள் அது பெயராகிவிட்டது. தண்ணீர் பாட்டிலைக் கடன் கேட்டபோதும் பொய்க்காரி. இலைக்கு முன்னால் உட்காரப் போனபோதும் பொய்க்காரி. நாலாம் வகுப்பில் வைக்கிற பெயர் பத்தாம் வகுப்புவரை கூடவே நடந்து வரும். பெரியவர்கள் இதை மறந்துவிட்டார்கள். மறப்பது அவர்களுக்குச் சௌகரியம்.

உமையாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து பட்டறைக்கு வந்தாள்.



தில்லைநாயகத்தை அவள் பார்க்கவில்லை. நேராக மைமூனிடம் போனாள்.

“எப்போ தெரியும்?”

“வெந்தா தெரியும்.”

“எப்போ வேகும்?”

“மூணு நாள் காயணும். அப்புறம்தான் கொப்பரை.”

“எங்க பஸ் நாலு மணிக்கு,” என்றாள் உமையாள். “நான் இந்தப் பேரோட பஸ்ல ஏற முடியாது.”

மைமூன் எந்தப் பெயர் என்று கேட்டாள். அவள் சொன்னாள்.

மைமூன் வெளியே வந்து வெயிலைப் பார்த்தாள். உள்ளே போனாள். மேஜையில் இருந்து துணியை எடுத்தாள். கடைசி வரிசை அடிக்கப்படாமலே இருந்தது. ஆற்று மணலில் கொண்டுபோய் விரித்தாள்.

“இன்னைக்கே வேகட்டும்,” என்றாள்.

தில்லைநாயகம் பின்னாலேயே ஓடிவந்தார். மூன்று நாள் காயாவிட்டால் படிகாரம் பிடிக்காது, சிவப்பு வெளிறிவிடும் என்று இதே வாத்தியாரம்மாதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அதை அவளிடமே திருப்பிச் சொன்னார்.

“வெளிறட்டும்.”

“இது என் துணி, வாத்தியாரம்மா.”

“கொப்பரை என்னுது.”

அவருக்குப் புரியவில்லை. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பிடிவாதத்துக்குத் தன்னுடைய மூன்று வருஷத்தைப் பலிகொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். நான் என்ன பாவம் செய்தேன் என்றும் கேட்டார்.

மைமூன் அவர் கையில் ஒரு குடையைக் கொடுத்தாள். குழந்தை வெயிலில் உட்கார்ந்திருக்கிறது என்றாள்.



துணிக்கு ஒரு பக்கம் உமையாள். மறு பக்கம் குடையோடு தில்லைநாயகம். குடையின் நிழல் மட்டும் அவள்மேல்.



அந்தத் துணியில் என்னதான் இருக்கிறது என்று அவள் கேட்டாள். சொல்லிக்கொடுக்கிற பழக்கம் அவரை விடவில்லை. படிகாரம், பிசின், வேர் எல்லாம் சொன்னார். காவிக்கல் பொடியைப் பற்றியும் சொன்னார்.

“அதைப் போட்டிருந்தா, துணியில பூ இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமா?”

“தெரிஞ்சிருக்கும்.”

“தெரிஞ்சிருந்தா பக்கத்துலயே போயிருக்க மாட்டேன்.”

அவர் குடையை வேறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“சார், நீங்க எச்.எம்.மா இருந்தப்போ, தப்பு செய்யாத பிள்ளைய அடிச்சிருக்கீங்களா?”

“இல்லை.”

“எப்படித் தெரியும்?”

ஆற்றில் ஒருவர் மாட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் அந்த மாட்டையே வெகுநேரம் பார்த்தார்.

பிறகு அவர் முறை. “சரி. வெந்து உன் கை வந்துட்டா?”

“வராது.”

“வந்துட்டா?”

அவள் யோசித்தாள். நேர்மையாகவே யோசித்தாள். “அப்போ எனக்கே தெரியாம நான் தொட்டிருக்கேன்.”

“தொடலைன்னு சொன்னியே. அது பொய் இல்லையா?”

“தெரியாம சொன்னது எப்படி சார் பொய்யாகும்? தப்பா வேணா ஆகும்.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணுன்னா ஏன் ரெண்டு வார்த்தை இருக்கு?”

அவர் எழுந்து கொப்பரைப் பக்கம் போனார். மைமூனிடம் கேட்டார்: பொய்யும் தப்பும் ஒன்றா, வேறா? வாத்தியாரம்மா சொல்லட்டும்.

மைமூன் அவரிடம் துடுப்பைக் கொடுத்தாள். அடியில் வேர்த்தூள் பிடிக்கிறது, கிண்டுங்கள் என்றாள்.

கிண்டினார். அதில் ஏதோ பதில் இருக்கும் என்று நம்பிக் கிண்டினார். பழுப்புத் தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்தது. வேறொன்றும் வரவில்லை.



ஒன்றரை மணிக்குத் துணி காய்ந்தது. அலசியது தில்லைநாயகம்தான்.

அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஓட்டத்துக்கு எதிரே துணியை நீட்டி, மடியாமல், முறுக்காமல், பிசின் மட்டும் போகும்படி விட்டுப் பிடித்தார். கரையில் நின்ற உமையாள், துணி மீன் மாதிரி போகிறது என்றாள். அவர் அதைக் கேட்காதது போல இருந்தார்.

இரண்டு மணிக்குத் துணி கொப்பரைக்குள் போனது.

மூன்றேகாலுக்கு மைமூன் துடுப்பால் ஒரு முனையைத் தூக்கினாள்.

பூ வந்திருந்தது.

வெளிறித்தான் இருந்தது, மழையில் நனைந்த செங்கல் மாதிரி. ஆனால் வரிசை வரிசையாக, ஒன்றின் கொடி அடுத்ததில் போய்ச் சேர்ந்து, எங்கே ஒரு அச்சு முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று அடித்தவருக்கே தெரியவில்லை. தில்லைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மூட்டு எங்கேயும் இல்லை.

பிறகு, ஓரத்தில், அது.

மூன்று விரல். பாதி உள்ளங்கை. சின்னது.

“பார்த்தியா?” என்றார். அவர் குரலில் இருந்தது வருத்தம் அல்ல.

உமையாள் பார்த்தாள். தன் கையை அதற்கு நேரே காற்றில் பிடித்துப் பார்த்தாள். முகம் சிவந்தது.

“ஆமா. என்னுதுதான்.” கொஞ்சம் நிறுத்தினாள். “மீன் அச்சைப் பார்க்க எட்டினேன். அப்போ கைய ஊனியிருக்கேன். எனக்குத் தெரியவே இல்லை.”

உடனே சொன்னாள். “மன்னிச்சிருங்க, சார்.”

காலையில் முப்பத்துமூன்று பேரும் ஒரு டீச்சரும் ஒரு தலைமையாசிரியரும் சேர்ந்து பிடுங்க முடியாததை, அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

தில்லைநாயகம் பெருந்தன்மையாக வாயைத் திறந்தார். பிள்ளைகளை மன்னிக்கிற பேச்சு அவருக்கு மனப்பாடம்.

மைமூன் துணியை இன்னும் மேலே தூக்கினாள்.

ஒரு கை.

பெரியது. ஐந்து விரலும் அழுந்தப் பதிந்தது. பூவைவிடச் சிவப்பு.

அவள் தூக்கத் தூக்க இன்னொன்று. இன்னொன்று. துணி நெடுக, ஓரத்தில் அல்ல, நட்ட நடுவில். ஒவ்வொரு கைக்குக் கீழேயும் இரண்டு பூ மூழ்கிப்போயிருந்தது.

உமையாள் விரலை நீட்டி எண்ணினாள். கிண்டலாக இல்லை. கணக்கு டெஸ்ட்டில் எண்ணுகிற மாதிரி எண்ணினாள்.

“எட்டு.”

தில்லைநாயகம் தன் கையைப் பார்த்தார். வேட்டியில் துடைத்தார். இப்போது அதில் ஒன்றும் இல்லை.

“அது வேற,” என்றார்.

“எப்படி சார் வேற?”

“அது கோபத்துல பட்டது. நீ தொட்டதாலதான் நான் தொட்டேன்.”

“நான் ஒரு தடவைதான் தொட்டேன்.”

அவர் மைமூனைப் பார்த்தார். வாத்தியாரம்மா ஏதாவது சொல்வாள். ஒரு குடம், ஒரு குச்சி, ஒரு கல், எதையாவது எடுத்துக் கையில் கொடுப்பாள்.

உமையாளும் இப்போது மைமூனைத்தான் பார்த்தாள்.

“நீங்க இங்கேதானே நின்னீங்க?”

“ஆமா.”

“சார் கை ஈரமா இருந்தது உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“பொடி போடாததும் தெரியும்.”

“தெரியும்.”

“அப்போ ஏன் சொல்லலை?”

மைமூன் கையில் துடுப்பு இருந்தது. அதைக் கீழே வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். தட்டு இருந்தது, விறகு இருந்தது, சுவர் நிறைய அச்சுகள் இருந்தன. எதை எடுத்தும் அந்தக் கேள்விக்குக் கொடுக்க முடியவில்லை.

“சொல்லியிருக்கணும்,” என்றாள்.

“ஏன் சொல்லலைன்னு கேட்டேன்.”

“தெரியலை.”

எட்டுக் கைகளைப் பார்த்தபோதுகூடத் தில்லைநாயகம் நின்ற இடத்திலேயே நின்றார். இதைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார். மூன்று வருஷமாக அவளுடைய ஒவ்வொரு மௌனத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய், பொருள் தேடித் தூங்காமல் கிடந்திருக்கிறார். அதில் எத்தனை மௌனத்தில் ஒன்றுமே இல்லையோ.

“எந்திரிங்க சார்,” என்றாள் உமையாள். “பஸ் வந்திரும். எல்லாரும் என்னைப் பொய்க்காரின்னு சொல்றாங்க. வந்து சொல்லுங்க.”

“யாரு, நானா?”

“ரெண்டு பேரும்.”



பஸ்ஸில் முப்பத்துமூன்று பேரும் ஏறியிருந்தார்கள். முன் கதவு திறந்திருந்தது. டிரைவர் என்ஜினைப் போட்டுவிட்டார்.

தில்லைநாயகம் பஸ் பக்கத்தில் நின்று ஈரத் துணியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். சாயம் சட்டைக் கைக்குள் ஒழுகியது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் வெளியே வந்தன. இருபது வருஷம் காலைக் கூட்டத்தில் ஒலிபெருக்கி இல்லாமலே பேசியவர். இப்போது குரலைத் தேடினார்.

“இந்தச் சின்னக் கை உமையாளோடது. தெரியாம வெச்சது. தெரியாமதான் இல்லைன்னு சொன்னா. அவ பொய் சொல்லலை.”

“மத்த கை?” என்று ஒரு ஜன்னல் கேட்டது.

“மத்த எட்டும் என்னுது.”

“நீங்க தெரிஞ்சு வெச்சீங்களா சார்?”

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

“வெச்சது தெரியும்,” என்றார். “குழம்பு பட்டது தெரியாது.”

ஜன்னல்கள் இதை யோசித்தன.

மைமூன் பக்கத்தில் வந்து நின்றாள். “சார் வெச்சதை நான் பார்த்தேன். அவர்கிட்டயும் சொல்லலை, உங்ககிட்டயும் சொல்லலை. உமையாளைத் திட்டினப்பவும் பேசாம நின்னேன்.”

பஸ்ஸுக்குள் கசமுச என்று ஒரு விவாதம் கிளம்பியது. அப்படியென்றால் மொத்தம் ஒன்பது கையா, பத்தா என்று இரண்டு கட்சி. வேடிக்கை பார்த்த கையையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு பெண் வாதாடினாள். பின் சீட்டில் இருந்து ஒருவன் உமையாளுக்கு ஜன்னலோரம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தான். காலையில் பெயர் வைத்த குரல் அவனுடையது.

நேரமாகிறது என்று ஜெசிந்தா டீச்சர் கைதட்டினார்.

உமையாள் ஏறவில்லை. படியில் ஒரு காலை வைத்து டீச்சரைப் பார்த்தாள்.

“என்ன?” என்றார் டீச்சர்.

“நீங்க, டீச்சர்?”

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். பிறகு குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் அவள் காதருகே ஏதோ சொன்னார். சற்று நீளமாகவே சொன்னார்.

உமையாள் தலையாட்டிவிட்டு ஏறினாள்.

பஸ் கிளம்பியது.



இரண்டு பேரும் தெருவில் நின்றார்கள். துணியில் இருந்து சொட்டிய சாயம் புழுதியில் கருத்தது.

“மூட்டு எங்கேயும் தெரியலை,” என்றார் தில்லைநாயகம். “பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“ஆனா துணி கெட்டுப்போச்சு.”

“கெட்டுத்தான் போச்சு.”

“அப்போ நாளைக்கு நான் மேஜைக்கு வரணுமா, ஆத்துக்குப் போகணுமா?”

மைமூன் பேசாமல் நின்றாள்.

“வாத்தியாரம்மா, இது எந்த மாதிரி மௌனம்னு சொல்லிடுங்க. என்னால இனிமே கண்டுபிடிக்க முடியாது.”

“தெரியாத மௌனம்,” என்றாள் அவள். “மேஜையா ஆறான்னு அந்தப் பிள்ளைகிட்டதான் கேட்டிருக்கணும்.”

பஸ் ஆற்றுப் பாலத்தின் ஏற்றத்தில் திணறிக்கொண்டிருந்தது.

தில்லைநாயகம் வேட்டியை மடித்துக் கட்டினார். துணியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

பாலத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.